ஸ்ப்ரே அடிக்காத மூச்சு

நான் பணியாற்றிய ஆய்வகத்துக்குப் புதிய கருவி வந்திருப்பதாக அங்குள்ள இளைய தொழில்நுட்பர்கள் சென்ற மாதம் தொலைபேசியில் சொன்னார்கள். நோயாளியின் மார்பில் மின்முனைகளை ஒட்டிவிட்டால் போதுமாம். துடிப்பை அளப்பது, மூச்சோடு ஒப்பிடுவது, அறிக்கை எழுதுவது எல்லாவற்றையும் அதுவே செய்துவிடுகிறதாம். "அப்ப நீங்கள்லாம் அத்தனை வருஷம் அங்க என்னதான் மேடம் பண்ணீங்க?" என்று அவர்களில் ஒருத்தி சிரித்துக்கொண்டே கேட்டாள். கேலிதான் என்றாலும் நியாயமான கேள்வி. அதற்கு என்னால் ஒரு மனிதரின் கதையைச் சொல்லித்தான் பதில் தர முடியும்.

வடசென்னையில் ஓர் அரசு மருத்துவமனையின் உடலியங்கியல் பிரிவில், தன்னியக்க நரம்புகளைச் சோதிக்கும் சிறிய அறை எங்களுடையது. ஒரு கட்டில், ஓர் ஈ.சி.ஜி. கருவி, ஒற்றை ஜன்னல். ஜன்னலைத் திறந்தால், துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகளின் ஹாரன் சத்தத்தில் நோயாளியின் துடிப்பு எகிறிவிடும்; மூடினால் புழுங்கும். கோடையிலும் மூடியே வைத்திருந்தோம்.

இயற்பியலில் பட்டம் பெற்று, தொழில்நுட்பப் பயிற்சியையும் முடித்து நான் அங்கே சேர்ந்தபோது, ஆரோக்கியமான இதயம் கடிகாரம் போலச் சீராக அடிக்கும் என்றே எண்ணியிருந்தேன். ஈ.சி.ஜி. தாளில் ஒரு சிகரத்துக்கும் அடுத்த சிகரத்துக்கும் இடையிலுள்ள தூரத்தைக் கவராயம் வைத்து அளந்து அளந்து முதல் ஆண்டு கழிந்தது. அந்த எண்ணமும் அதோடு போயிற்று. மூச்சை உள்ளே இழுக்கும்போது துடிப்பு சற்று விரைகிறது. வெளியே விடும்போது தணிகிறது. நல்ல இதயம் மூச்சைக் கேட்டபடியே அடிக்கிறது.

அப்படிக் கேட்க வைப்பவை நரம்புகள். மூளையிலிருந்து இறங்கும் வேகஸ் என்ற நரம்பு இதயத்தைத் தணிக்கிறது; அதே நரம்பின் வேறு கிளைகள் மூச்சுக்குழாய்களை இறுக்குகின்றன. பரிவு நரம்புகள் என்று சொல்லப்படுபவை இதயத்தை விரட்டுகின்றன. ஆஸ்துமா உள்ளவர்களில் பலரிடம், எல்லோரிடமும் அல்ல, வேகஸின் பிடி சற்று ஓங்கியிருப்பதை எங்கள் கட்டிலில் பார்த்தோம். மூச்சு முட்டும்போது அவர்கள் ஸ்ப்ரேயாக உறிஞ்சும் மருந்தோ பரிவு நரம்பின் வேலையைச் செய்கிறது. குழாய்களைத் திறந்துவிடுகிறது, கூடவே இதயத்தையும் விரட்டிவிடுகிறது. இனி நான் சொல்லப்போகும் விவகாரத்துக்கு இவ்வளவு தெரிந்தால் போதும்.

பிரிவின் பொறுப்பாளர் டாக்டர் ரெஜினா. குறைவாகப் பேசுவார். நாடித்துடிப்பைப் பார்ப்பதற்கு முன் தம் இரு உள்ளங்கைகளையும் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வார். குளிர்ந்த விரல் பட்டாலே துடிப்பு மாறும் என்பார். படுத்திருப்பவரிடம் "ரிலாக்ஸ் பண்ணுங்க" என்று சொல்லக்கூடாது என்பது அந்த அறையின் சட்டம். "அதைக் கேட்டு யாருக்காவது அமைதி வந்திருக்கா? அந்த வார்த்தையே ஒரு அதட்டல்தான்" என்பார். அதற்குப் பதிலாக, வந்த பேருந்தில் உட்கார இடம் கிடைத்ததா என்று ஆரம்பித்து எதையாவது விசாரிப்பார். பேச்சு தானாக ஓயும். அறை அடங்கும். அப்போது எனக்குக் கண்ணைக் காட்டுவார். நான் தாளை ஓடவிடுவேன்.

ஆழ்ந்த மூச்சுச் சோதனையின்போது மணியோ விளக்கோ வைத்து அவர் தாளம் சொல்வதில்லை. நோயாளியின் கண்ணுக்கு நேராகத் தம் வலக்கையை மெல்ல உயர்த்துவார். நோயாளி மூச்சை இழுக்க வேண்டும். அதே நிதானத்தில் கையைத் தாழ்த்துவார். மூச்சை விட வேண்டும். பெரும்பாலான நாட்களில் நானும் என்னையறியாமல் அவர்களோடு சேர்ந்து மூச்சு விட்டுக்கொண்டிருப்பேன். அடுத்தது படுத்திருந்தவரை எழுப்பி நிற்கவைக்கும் சோதனை. கடைசியாகக் கையைப் பனிக்கட்டி நீரில் வைத்திருக்கும் சோதனை. எங்கள் குளிர்பெட்டி பழுதாகிக் கிடந்த காலங்களில் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்திலிருந்து ஐஸ் வாங்கி வருவோம். அதில் வரும் மீன் வாடையைப் பற்றி அந்தப் பகுதி நோயாளிகள் யாரும் குறை சொன்னதில்லை.

அறிக்கையில் "நார்மல்" என்று எழுதினால் டாக்டர் திருப்பி அனுப்பிவிடுவார். "எந்த வேலைக்கு நார்மல்? உக்காந்து எழுதறவருக்கா, மூட்டை தூக்கறவருக்கா?" என்று கேட்பார். அவருடைய இன்னொரு வழக்கத்தின் காரணம் எனக்குப் பிடிபடக் கொஞ்ச காலம் ஆயிற்று. "மருந்து எதாவது எடுத்தீங்களா?" என்று அவர் யாரையும் கேட்டதே இல்லை. "காலையில கண்ணு முழிச்சதிலேருந்து இந்தக் கட்டில் வரைக்கும் என்ன நடந்தது, சொல்லுங்க" என்பார்.

காரணம் இதுதான். சோதனைக்கு முன் ஸ்ப்ரே அடிக்கக்கூடாது என்று நாங்கள் முன்கூட்டியே சொல்லி அனுப்புவோம். தலையாட்டிவிட்டுப் போவார்கள். ஆனால் எண்ணூரிலிருந்தும் மணலியிலிருந்தும் ஆஸ்துமாவோடு வருபவர்களுக்கு, மூச்சு இரைக்க ஒரு டாக்டர் முன்னால் போய் நிற்பது மரியாதைக் குறைவு. குளித்து, தேய்த்த சட்டை போட்டு, தலை வாரி வருவார்கள். மருத்துவமனை வாசலுக்கு வந்ததும் ஓரமாக ஒதுங்கி நின்று ஸ்ப்ரேயை உறிஞ்சிவிட்டு உள்ளே வருவார்கள். அவர்கள் கணக்கில் அது மருந்து எடுப்பதல்ல. தலை வாருவதைப் போன்றது. ஆகவே, "மருந்து எடுத்தீங்களா?" என்று கேட்டால் "இல்லை" என்பதே பதிலாக வரும். அதில் பொய் இல்லை.

பாஸ்கர் வந்தது நான் ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு. நாற்பதை நெருங்கும் வயது. துறைமுகத்தில் ஓர் ஒப்பந்த நிறுவனத்தின் கிரேன் ஆப்பரேட்டர். வீடு திருவொற்றியூரில். கூடவே அவருடைய மனைவி தேவியும் வந்திருந்தார். காசிமேட்டில் இறால் உரிக்கும் வேலை அவருக்கு.

"சிஸ்டர், பாஸ்கர்னு கூப்டீங்களா?" என்று தேவிதான் முதலில் உள்ளே வந்தார்.

"நான் சிஸ்டர் இல்லம்மா."

"சரி சிஸ்டர். இவருதான் பாஸ்கரு."

நிறுவனத்தின் மருத்துவப் பரிசோதனையில் சிக்கல் வந்திருந்தது. ஒரு நாள் எடுத்த ஈ.சி.ஜி.யில் பாஸ்கரின் துடிப்பு மிக வேகம். சந்தேகப்பட்டு இன்னொரு நாள் எடுத்ததில் வேகம் இல்லை; ஆனால் துடிப்பு ஒழுங்கற்று முன்பின்னாக விழுந்திருந்தது. இதயத்தைக் கட்டுப்படுத்தும் நரம்புகளில் கோளாறு இருக்கலாம் என்று கருதிய நிறுவன மருத்துவர் எங்களிடம் அனுப்பியிருந்தார். நாங்கள் கருத்துச் சொல்லும்வரை அவர் உயரத்தில் வேலை செய்யத் தகுதியற்றவர். தரையில் ஏதோ எடுபிடி வேலை கொடுத்திருந்தார்கள்.

"நீங்க சீட்டு குடுத்தாதான் மறுக்கா ஏணில கால வெக்கவே வுடுவாங்க" என்றார் பாஸ்கர். "பதினொரு மாசமா ஓட்றேன், ஒரு கண்டெய்னர் பொட்டி இடிச்சதில்ல மேடம். கேட்டுப் பாருங்க."

சோதனையைத் தொடங்கினோம். படுத்திருக்கும்போதே துடிப்பு வேகமாக இருந்தது. டாக்டரின் கை உயர்ந்து தாழ்ந்தது. பாஸ்கர் அதைப் பார்த்தபடி ஆழமாக மூச்சிழுத்து விட்டார். தாளில் துடிப்பின் இடைவெளி ஏறக்குறைய மாறவே இல்லை. பல ஆண்டுகள் நீரிழிவு நோயோடு வாழ்ந்து நரம்பு கெட்டுப்போனவர்களிடம்தான் அப்படிப்பட்ட தட்டையான பதிவை நாங்கள் பார்த்திருந்தோம்.

அவர் கையை ஐஸ் வாளிக்குள் வைக்கச் சொன்னபோது தேவி எட்டிப் பார்த்தார். "இத்துக்கு ஒரு டெஸ்டா? நா தெனிக்கும் ஐசுலதான் கைய வெச்சுகினு கீறேன். என்ன எவனும் படுக்க வெச்சுப் பாக்கல."

"நீ வாய மூடிகினு குந்து. பாரு, மிசினு ஓடுது" என்றார் பாஸ்கர்.

அளந்ததை எழுதி டாக்டரிடம் நீட்டினேன். அந்தத் தாள் அப்படியே வெளியே போனால் பாஸ்கர் இனி கிரேனில் ஏறப்போவதில்லை என்பது எனக்குத் தெரிந்திருந்தது. டாக்டர் கையெழுத்திடவில்லை. நாற்காலியைக் கட்டிலுக்கு அருகில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"காலையில கண்ணு முழிச்சதிலேருந்து சொல்லுங்க."

"எந்திரிச்சேன். குளிச்சேன். இட்லி துன்னேன். பஸ் புடிச்சேன், வந்தேன். அவ்ளோதான் மேடம்."

"கேட்டாண்ட நின்னத சொல்லு" என்றார் தேவி.

"நீ சும்மா கெட."

"இன்னாத்துக்கு சும்மா கெடக்கணும்? டாக்டரம்மா, இவருக்கு இழுப்பு கீது. கல்யாணத்துக்கு முன்னாடிலேர்ந்தே கீது. எங்கூட்டுக்கே தெரியாம மறச்சாரு, அப்பறம் கம்பெனிக்கு. கேபின்ல ஏறத்துக்கு முன்னாடி ஸ்ப்ரே. எறங்குனா ஸ்ப்ரே. இன்னிக்கும் கேட்டாண்ட நின்னு புஸ்ஸு புஸ்ஸுன்னு அடிச்சுகினுதான் உள்ள வந்தாரு."

பாஸ்கர் அவரை முறைத்தார். பிறகு டாக்டரைப் பார்த்துத் தணிந்த குரலில் சொன்னார்: "உங்க முன்னாடி வந்து கொர்ரு கொர்ருன்னு நின்னா நல்லாவா இருக்கும்?"

டாக்டரின் முகத்தில் மாறுதல் எதுவும் இல்லை. நிறுவன மருத்துவர் மருந்து ஏதும் கொடுத்தாரா என்று மட்டும் விசாரித்தார். பாஸ்கர் சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்தார். படபடப்புக்கு என்று கொடுத்ததாம். எங்கள் சோதனை முடிந்த பிறகு தொடங்கச் சொல்லியிருந்தாராம். டாக்டர் அதன் பெயரைப் படித்துவிட்டு, மேசைமேல் கவிழ்த்து வைத்து, அதன் மேலே தம் உள்ளங்கையை வைத்துக்கொண்டார்.

அது பரிவு நரம்பின் வேலையைத் தடுத்து இதயத்தைத் தணிக்கும் மாத்திரை. படபடப்புக்கு நல்ல மருந்துதான். ஆனால் ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சுக்குழாயைத் திறந்து வைத்திருக்கும் வழியையும் அது அடைத்துவிடக்கூடும். அந்த நேரத்தில் ஸ்ப்ரே அடித்தாலும் பலன் கிடைக்காமல் போகலாம். கொடுத்தவர் மீது குற்றமில்லை. அவருக்கு ஆஸ்துமாவைப் பற்றி யாரும் சொல்லவில்லை.

"இந்த நோய் இருக்குன்னு அந்த டாக்டர்கிட்ட சொல்லலியா?" என்றார் டாக்டர்.

"சொன்னா மேல ஏத்துவாங்களா மேடம்?"

இன்னொரு நாள் காலையிலிருந்து ஸ்ப்ரே அடிக்காமல் வரச் சொன்னோம். முடியாவிட்டால் அடித்துவிட வேண்டும், சோதனையைத் தள்ளிப்போட்டுக்கொள்ளலாம் என்றும் டாக்டர் வற்புறுத்திச் சொல்லியிருந்தார். அந்த நாள் வந்தது. ஆக்ஸிஜனும், மருந்தை ஆவியாகக் கொடுக்கும் கருவியும் கட்டிலருகே தயாராக இருந்தன. பாஸ்கரின் மூச்சில் மெல்லிய விசில் கேட்டது. தலையைக் குனிந்தே உள்ளே வந்தார்.

இப்போது துடிப்பு நிதானமாக இருந்தது. டாக்டரின் கை உயர்ந்தபோது தாளில் சிகரங்கள் நெருங்கின, தாழ்ந்தபோது விலகின. எங்கள் அறையில் அபூர்வமாகவே காணும் அளவுக்குப் பெரிய ஏற்ற இறக்கம். சாதாரணமாக மூச்சு விடும்போதும் அது தெரிந்தது. நிறுவன மருத்துவர் ஒழுங்கின்மை என்று பார்த்தது இதைத்தான். டாக்டர் சிறிது நேரம் மூச்சை அடக்கச் சொன்னார். முன்பின்னாக விழுந்துகொண்டிருந்த துடிப்பு வரிசைக்கு வந்தது. மூச்சை விட்டதும் மீண்டும் அலை. பிறகு அவருக்கு வேண்டிய மருந்தைக் கொடுத்துவிட்டுத் தாளை ஓடவிட்டோம். விசில் சத்தம் அடங்கியது, துடிப்பு விரைந்தது, அலை தட்டையானது. நிறுவனத்தில் இரு வேறு நாட்களில் எடுத்த இரு பதிவுகளும் ஒரே காலையில் எங்கள் மேசைமேல் கிடந்தன. ஒன்று ஸ்ப்ரே அடித்த பாஸ்கர். மற்றொன்று அடிக்காத பாஸ்கர். இதயத்தில் நோய் இல்லை. நரம்பிலும் கேடு இல்லை.

சொன்னதும் தேவி சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். பாஸ்கர் எழுந்து சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "அத்த மட்டும் எழுதுங்க டாக்டரம்மா. நெஞ்சு நல்லா கீதுன்னு. இழுப்ப எழுதாதீங்க" என்றார்.

இதுதான் எங்களுக்குக் கடினமாக இருந்தது. நிறுவனம் கேட்டிருந்தது இதயத்தைப் பற்றி. இதயத்துக்குக் கேடில்லை என்பது முழு உண்மை. அதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று நான் டாக்டரைத் தனியே அழைத்துச் சொன்னேன். ஆஸ்துமா என்று எழுதினால் என்ன நடக்கும் என்பதற்கு விதிப்புத்தகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. ஒப்பந்தத் தொழிலாளியை வேலையிலிருந்து எடுப்பதற்கு விதி எதுவும் தேவைப்படுவதில்லை. எந்தெந்த மாத்திரையைத் தொடக்கூடாது என்று அவரிடம் வாயால் எச்சரித்துவிடலாம் என்றேன்.

"அவரால பேச முடியாத நிலையில ஒரு நாள் கொண்டுவந்து போட்டா, நாம வாயால சொன்னதை யார் சொல்லுவாங்க?" என்று டாக்டர் கேட்டார். "கிரேனுக்குக் கீழே நிக்கறவங்க இருக்காங்க. அவங்களையும் நினைச்சுப் பாருங்க."

ஆனால் அவர் பாஸ்கருக்குத் தெரியாமல் எதையும் எழுதிவிடவில்லை. திரும்ப வந்து அவர் முன்னால் உட்கார்ந்தார். "மூச்சு உங்களுது, வேலையும் உங்களுது. கையெழுத்து மட்டும்தான் என்னுது. பாதியை எழுதி அதைப் போட மாட்டேன். தினமும் எடுக்கற தடுப்பு மருந்தை ஆரம்பிச்சு நோயைக் கட்டுக்குள்ள கொண்டுவந்தா, நீங்க மறுபடியும் ஏறலாம்னு என் கருத்து; அதையும் சேர்த்து எழுதுவேன். உங்க கம்பெனி டாக்டர்கிட்ட நானே பேசறேன். வேண்டாம்னா அறிக்கையே குடுக்கல. முடிவு உங்க கையில."

"இன்னா முடிவு? சீட்டு இல்லாங்காட்டி கிரேன் இல்ல, இத்த எழுதுனா அப்பவும் இல்ல. அப்ப நா இன்னா, கடல்ல போயி வல வுடவா?" என்று கேட்டுவிட்டு அவர் வெளியே போய்விட்டார். தேவி கதவருகே நின்றார். "அந்த மாத்தர எங்க?" என்றார். முதல் நாளே டாக்டர் அதை என்னிடம் கொடுத்து வைத்திருந்தார்; நாங்களே அழித்துவிடுவதாகச் சொன்னேன். "அழிச்சிடு சிஸ்டர். அவரு கைல குடுக்காத" என்று சொல்லிவிட்டு அவரும் போனார்.

பல நாட்கள் செய்தி எதுவும் இல்லை. எழுதி முடிக்காத அறிக்கை என் மேசையில் கிடந்தது. ஒரு காலையில் நடைபாதையில் விசில் போன்ற மூச்சொலி முதலில் கேட்டது. பிறகு பாஸ்கர் தெரிந்தார். தனியாக வந்திருந்தார். ஸ்ப்ரே அடிக்க வாசலில் நிற்கவில்லை.

"எழுதுங்க" என்றார்.

டாக்டர் காரணம் கேட்கவில்லை; பாஸ்கரே சொன்னார். "கீழதான் வேல இப்ப. பொட்டி எறங்கற எடத்துல நிக்க வெச்சிட்டாங்க. மேல நம்ம தோஸ்துதான் ஓட்றான், நல்ல ஓட்டு. நேத்து என்னாச்சு தெர்ல, எறக்கறப்ப லேசா ஒரு ஆட்டம். இருமல்னான் அப்பால. இருமுனதுக்கே பொட்டி ஆடுது மேடம். இத்தினி நாளு மேலேர்ந்தே பாத்துகினு இருந்தனா, கீழ கீறவன் தல எனக்குத் தெரியவேல்ல."

டாக்டர் முழு அறிக்கையையும் எழுதினார். "நார்மல்" என்ற சொல் அதில் இல்லை. இந்த இதயம் கிரேன் வேலைக்குத் தகுதியானது, ஆஸ்துமாவுக்குத் தொடர் சிகிச்சை தேவை, கட்டுக்குள் வந்ததும் மறுபரிசீலனை செய்யலாம், இன்ன வகை மாத்திரைகளைத் தரவே கூடாது என்று தெளிவாக எழுதி, நிறுவன மருத்துவரிடமும் பேசினார். அந்த மருத்துவர் நன்றி சொன்னார். பாஸ்கர் தடுப்பு மருந்தை ஒழுங்காக எடுத்தார். சில மாதங்களில் விசில் சத்தம் போயிற்று. ஸ்ப்ரே தேவைப்படும் நாட்களே அரிதாயின. மறுபரிசீலனைக்கு எங்கள் தரப்பில் எழுத வேண்டியதையும் எழுதிக் கொடுத்தோம். நிறுவனம் அவரைக் கிரேனில் ஏற்றவில்லை. கண்டெய்னர் எண்களைச் சரிபார்க்கும் கேட் வேலையில் போட்டுவிட்டது.

இதை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். நாங்கள் எழுதியது சரி. அதனால் நடந்தது சரியல்ல. ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறைக்க எனக்கு விருப்பமில்லை. நோயை மறைக்காதே என்று தொழிலாளியிடம் சொல்லும் உரிமை, சொன்னவனைத் தண்டிக்காத வேலையிடத்துக்குத்தான் உண்டு. எங்கள் ஆய்வகத்தின் அறிக்கைக்கு அந்த இடத்தை உண்டாக்கும் வலு இருக்கவில்லை. அந்தப் பதிவுகளைப் புதிய கருவி எங்களைவிடத் துல்லியமாக அளந்திருக்கும். முதல் நாளின் தட்டையான பதிவையும் துல்லியமாகவே அளந்து, கெட்டுப்போன நரம்பு என்று அறிக்கையும் எழுதியிருக்கும். வாசலில் என்ன நடந்தது என்று அது கேட்டிருக்காது. இளையவர்கள் கருவியை நம்பட்டும். அந்தக் கேள்வியை மட்டும் அவர்கள் விட்டுவிட வேண்டாம்.

நான் ஓய்வு பெற்ற ஆண்டில் ஒருநாள் ஆய்வகக் கதவருகே ஒரு மனிதர் வந்து நின்றார். ஐம்பது வயதிருக்கும், துறைமுகத்தில் லாரி ஓட்டுபவர். நின்ற இடத்திலேயே அவருக்கு இரைத்தது. வலக்கையை மூடி வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் விரித்துக் காட்டினார். மூடி திறக்காத ஸ்ப்ரே.

"கேட்ல கீற பாஸ்கரு அனுப்சாரு சிஸ்டர்" என்றார். "காலைலேர்ந்து அடிக்கல. மூச்ச அப்டியே எத்துகினு போன்னாரு."

டாக்டர் ரெஜினா எழுந்து உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டார். காலையிலிருந்து நடந்ததை அன்று அவர் கேட்கவில்லை.